காலண்டர்க்காரியின் கை

சித்தப்பாவின் லேத் பட்டறைச் சுவரில் இருந்த காலண்டர்க்காரிக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள் பொட்டு வைப்பார்கள், ஆயுத பூஜை அன்று. மேற்குத் தாம்பரத்தில் உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் கொடுத்த காலண்டர் அது. தேதித்தாள்கள் கிழிந்து தீர்ந்த பிறகும் அட்டையைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அந்த அட்டைப் படத்தில் அவள் கிணற்றடியில் இடுப்பில் குடத்தோடு நிற்பாள். ஈரச் சேலை முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கும். திரண்ட தோள், மடிப்பு விழுந்த இடுப்பு, வளையல் இறுக்கும் சதைப்பிடிப்பான கை. லேத்துக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வரும் சித்தப்பாவின் விரல், அவள் நெற்றியிலும் ஒன்றை வைத்துவிட்டுத்தான் நகரும்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது, பொரி கடலைத் தட்டோடு வந்த சித்தி அப்படியே நின்றுவிட்டாள். "இவ எந்த ஊரு அம்மன்?" என்று கேட்டாள். சித்தப்பா திரும்பாமலே, "உன்ன மாதிரியே கீறா. வுட்டுட்டுப் போவ மனசு வரல" என்றார். பட்டறையே சிரித்தது. சித்திக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆனாலும் அன்று முழுக்க அவள் நடையே வேறாக இருந்தது.

உண்மையில் சித்தி அப்படித்தான் இருந்தாள். அம்மாவின் தங்கை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அம்மாவும் நானும் குச்சிகள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒட்டடைக்குச்சி என்றே பெயர். சித்தியின் கை மாதிரி எனக்கு எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டு அவள் உயிரை எடுப்பேன். "சாப்புட்டாத்தானே வரும்" என்று இன்னொரு தோசையைத் தட்டில் போடுவாள். அந்தக் கையில் தலை வைத்துத் தூங்கிய மதியங்களுக்கு இன்றும் மனசு ஏங்குகிறது.

அப்புறம் டிவியில் வந்த பெண்களெல்லாம் வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே போனார்கள். ஊர்க் கண்ணும் அவர்களோடு சேர்ந்து மாறிவிட்டது. பம்மலில் ஒரு கல்யாணத்தில் போட்டோக்காரர், "அக்கா, கொஞ்சம் பின்னாடி போங்க, ரெண்டு பேரை மறைக்கிறீங்க" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பட்டறையில் கேட்ட சிரிப்பு இல்லை இது. அன்றிலிருந்து சித்தி முழங்கை மறைக்கும் ரவிக்கைக்கு மாறினாள். கேமராவைக் கண்டால் பந்தி கவனிக்கப் போய்விடுவாள். "நீ இன்னா கொறஞ்சி பூட்ட?" என்று சித்தப்பா கேட்டால், "உங்களுது பழைய கண்ணு" என்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன் சித்தி போய்விட்டாள். மாலை போடப் படம் தேடினோம். ஆல்பம் ஆல்பமாகப் புரட்டியும் ஓரத்தில் பாதித் தோளும் சேலை நுனியும்தான் கிடைத்தன. கடைசியில் ரேஷன் கார்டிலிருந்த முகத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். சித்தப்பா அதை வெகு நேரம் பார்த்தார். "இது கார்டு. அவ இல்ல" என்றார். அவளை ஒளிய விட்டது நாங்கள்தான்.

போன ஆயுத பூஜைக்கு மகளோடு மேடவாக்கத்திலிருந்து பட்டறைக்குப் போனேன். காலண்டர்க்காரி வெளுத்துப்போயிருந்தாள். நெற்றியில் மட்டும் வருஷக்கணக்கான குங்குமம் காய்ந்து கெட்டித்திருந்தது. இந்த முறை சித்தப்பா மெஷின்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் பொட்டு வைத்தார். நாற்பது வயதுக்கு மேல் எனக்கும் கை திரண்டுவிட்டது, யாரும் ஆசைப்படாத காலத்தில். வழக்கம்போல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். சித்தப்பா பார்த்துவிட்டார். "இன்னாத்துக்குப் பாப்பா மூடுற? அவளும் இப்டித்தான் மூடிக்கினே பூட்டா."

மகள் போனைத் தூக்கினாள். பின்னால் போகத் திரும்பிய கால் நின்றது. முந்தானையை விட்டுவிட்டு, காலண்டர்க்காரியின் பக்கத்தில் போய் நின்று, "எடு" என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளுத்துப்போன அவள் கைக்குப் பக்கத்தில், என் தோளிலிருந்து சித்தியின் கை இறங்கியிருந்தது.