முப்பத்திரண்டு வீட்டு ஆடுகள்

எங்கள் ஊரின் முப்பத்திரண்டு வீட்டு ஆடுகளையும் ஒரே மந்தையாக மேய்த்தவன் என் அண்ணன் இஷென். பத்தொன்பது வயதில் அவனுக்கு மனச்சிதைவு வந்தது. நரின் நகரத்தில் மருத்துவமனை, ஊசி, மாத்திரை எல்லாம் ஆயிற்று. குரல்கள் அடங்கின. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் மண்டையில் ஏறாது. அவனுக்கென்று மிஞ்சியது மந்தைதான். மாலையில் பாலத்தருகே நின்று, வீட்டுக்கு வீடு அடையாளமாகக் காதில் போட்டிருக்கும் வெட்டைப் பார்த்து, ஆடுகளை வீடு வீடாகப் பிரிப்பான். அதற்குமுன் கீழுதட்டுக்குள் நஸ்வாய் என்னும் புகையிலைத் தூளில் ஒரு சிட்டிகை அடக்கிக்கொள்வான். அவன் பிரித்துவிட்ட ஆட்டின் காதை யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

இஸ்தான்புல், சியோல் என்று ஏழு வருடம் அலைந்துவிட்டு இந்தக் குளிர்காலத்தில்தான் நான் திரும்பினேன். அவன் ஈறு வெந்து வெளுத்திருந்தது. பயந்துபோய், அந்தப் பச்சைப் புகையிலைப் பொட்டலங்களை அடுப்பில் போட்டேன்.

"வாயில புத்து வந்து சாகப்போறியா?"

"அது இல்லாட்டி எல்லா ஆடும் ஒண்ணாக் கத்துது, ஜிபார்."

"ஆடுன்னா கத்தத்தான் செய்யும். போ."

ஐந்தாம் நாள் மாலை, ஓர் ஆட்டின் காதைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றான்.

"என்ன இஷென், அதுகிட்ட ரகசியம் சொல்றியா?" என்று ஆட்டை ஓட்டிப்போக வந்திருந்த பூபூஷ் அக்கா கேட்க, கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

அது அவளுடைய ஆடு. இஷென் அதைத் தவறிச் சபார் மாமா வீட்டு ஆடுகளோடு பிரித்துவிட்டான். அங்கே சம்பந்திகள் வந்திருந்தார்கள், உடனே அறுத்துவிட்டார்கள். வயிற்றுக்குள் விரல் நீளத்தில் இரண்டு குட்டிகள் இருந்தனவாம்.

மறுநாளே நரினுக்கு ஓடினேன். நடந்ததைக் கேட்டு மருத்துவர் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"வேண்டாத சத்தத்தைத் தள்ளிவிடுற இடம் அவன் மூளையில சரியா வேலை செய்யலம்மா. நிக்கோட்டின் போய் ஒட்டிக்கிற ஏற்பிகள் அங்க இருக்கு. ஒட்டினா கொஞ்ச நேரம் கவனம் நிக்கும். அது மருந்தில்ல, வாயைக் கெடுக்கும், நீ பயந்ததும் சரிதான். ஆனா ஒரே நாள்ல பிடுங்கலாமா?"

சந்தையில் ஒரு பொட்டலம் நஸ்வாய் வாங்கிக்கொண்டு நேராகச் சபார் வீட்டுக்குப் போனேன்.

"தப்பு என்னோடது, மாமா. நான்தான் அவன் நஸ்வாயைப் பிடுங்கினேன்."

சபார் கோபப்படவில்லை. "இத்தனை நாளா ஒரு சிட்டிகைத் தூளை நம்பியா ஆட்டை விட்டோம்? இப்பத்தானே தெரியுது" என்றார். "எதிர்வீட்டுப் பையன் கலிக்கிட்ட சொல்லியாச்சு. காலையிலேர்ந்து மந்தையை அவன் ஓட்டிட்டுப் போவான்."

காலையில் எங்கள் ஆறு ஆடுகளை இஷெனே தெருவரை ஓட்டிப்போய்க் கலிக்கிடம் விட்டுவிட்டு வந்தான். நான் பொட்டலத்தை நீட்டினேன்.

"வேண்டாம்," என்றான். "அதைப் போட்டுக்கிட்டு யார் வீட்டு ஆட்டைப் பார்க்கப்போறேன்?"