பல் செட்டுக்கு அடியில்

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். எழுபதுகளின் கடைசியில், பம்பாய் லோடு ஏற்றிக்கொண்டு போன வழியில் திடீரென்று பிரேக் போட்டதில் ஸ்டியரிங் வாயில் மோதி, மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போய்விட்டன. திருச்செங்கோட்டில் பல் கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். படித்த டாக்டர் இல்லை. கைராசிக்காரர் என்று பேர். அண்ணத்தோடு ஒட்டி உட்காரும் சிவப்பு பிளேட்டில் பல் வைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவர் சிரித்தபோது, கல்யாணத்தன்று பார்த்த முகம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. எனக்கு மனசு நிறைந்துபோனது.

அந்த பிளேட்டில் அவர் வேறொரு சௌகரியம் கண்டுபிடித்தார். வண்டி ஓட்டும்போது தூக்கம் வராமலிருக்கப் புகையிலை அடக்குவது டிரைவர்களுக்கு வழக்கம். கன்னத்தில் அடக்கினால் எச்சில் துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இவர் பிளேட்டுக்கு அடியில், அண்ணத்தை ஒட்டி வைத்து அழுத்திக்கொண்டார். நகராது, சாறு மெல்ல இறங்கும். ஏதோ பெரிய கெட்டிக்காரத்தனம் போல எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சில வருஷத்தில் அண்ணத்தில் புண் வந்தது.

"செட்டு உரசுது புள்ள" என்றார்.

பல் கட்டுகிறவரும் வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் அதையே சொல்லி, பிளேட்டை வாங்கி அரத்தால் ராவிக் கொடுத்தார். மறுபடி புண், மறுபடி ராவல். பிளேட் தேய்ந்ததுதான் மிச்சம். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போனபோது புற்று எலும்பு வரை இறங்கியிருந்தது.

அண்ணத்தில் ஒரு பக்கத்தை அறுத்தெடுத்தார்கள். அந்த ஓட்டையை அடைக்கப் பல்லோடு சேர்த்துப் புது பிளேட் ஒன்று செய்து கொடுத்தார்கள். அது வாயில் இருந்தால் சோறு இறங்கும், பேச்சும் புரியும். கழற்றினால் குடித்த கஞ்சி மூக்கு வழியே வரும், பேச்சு வெறும் காற்றாகப் போகும். தினமும் அதைக் கழற்றிக் கழுவுகிற நேரத்தில் அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மட்டும் பழகிவிட்டது.

அடுத்த வருஷம் புற்று திரும்பியது. வாய்க்குள் வீங்கி, பிளேட் உட்காரவில்லை. இந்தத் தடவை நாக்கிலும் கை வைக்க வேண்டும் என்ற டாக்டர், பிழைப்பார் என்று மட்டும் சொல்லவில்லை. கட்டிலைச் சுற்றி அவருடைய அண்ணனும் பங்காளிகளும் நின்றார்கள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். மற்றவர்கள் காதில் அது வெறும் முனகல்.

"இனி அறுக்க வேண்டாமுங்களாம். ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாருங்க" என்றேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவஞ் சொன்னானா அம்மணி, நீயாச் சொல்றயா?"

"அவரேதானுங்க மாமா சொல்றாரு."

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று தலையையும் ஆட்டினார்.

"பயத்துல ஆட்டறான். கூடப் பொறந்தவன அப்படியே உட்டற முடியுமா?" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார். ஆண்கள் நாலு பேர் நிற்கிற இடத்தில் பெண்டாட்டி பேச்சு எங்கே எடுபடும்? என் வாய் வழியாக வந்ததால் அவர் பேச்சும் எடுபடவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அதற்கப்புறம் சில வாரம் இருந்தார். நாக்கில் பாதி இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார். அது எனக்கும் புரியவில்லை.