ஈரத் துணியால் தள்ளிப்போன ஆபரேஷன்

என் கணவர் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர். நீராவியிலேயே நிற்பவர் என்பதாலோ என்னவோ, எப்போது தொட்டாலும் உடம்பு சுடும். குடலிறக்க ஆபரேஷனுக்குப் போன அன்று எனக்கு அதுதான் பயம். காய்ச்சல் என்று திருப்பி அனுப்பிவிட்டால்?

அதனால் ஆஸ்பத்திரியின் ஏசி அறையில் அவர் போர்வையை விலக்கி, பனியன் துணியை நனைத்து நனைத்து நெற்றியிலும் மார்பிலும் போட்டேன்.

"குளுருது அம்மிணி" என்றார்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றேன்.

நர்ஸ் வந்து உடல் வெப்பம் பார்த்தார். "காய்ச்சல் இல்லீங்களே?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"காய்ச்சல் இல்லீங்க. ஆனா ஒடம்பு இப்படிச் சில்லுனு இருந்தா உள்ள கூட்டிட்டுப் போக முடியாதுங்க. மயக்க மருந்து குடுத்தா இன்னும் குளுந்துரும். ரத்தம் சீக்கிரம் நிக்காது, புண்ணும் லேசுல ஆறாது."

ஈரத் துணியை அவசரமாக எடுத்தேன். சூடு இருந்தாலும் தப்பு, இல்லாவிட்டாலும் தப்பா? வெதுவெதுப்பான காற்று அடிக்கும் போர்வையைப் போர்த்தி அவரைச் சூடாக்கினார்கள். காலையில் நடக்க வேண்டிய ஆபரேஷன் மதியம்தான் நடந்தது, நல்லபடியாக முடிந்தது.

இப்போது சொந்தத்தில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் கம்பளியும் காலுறையும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். துணி நனைப்பதை நர்ஸைக் கேட்காமல் செய்வதில்லை.

இவர் வேலை முடிந்து வந்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். சுட்டால்தான் நிம்மதி.