தேரை விட்டுக்கொடுத்தவர்

போன வருஷம் வைகாசியில், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் தேரோட்டத்தன்று நடந்தது இது.

நான் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. ஜப்பானில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எங்கள் குழு அப்போது விசித்திரமான சில அணுக்களை அளந்துகொண்டிருந்தது. எலக்ட்ரான் இருக்கவேண்டிய இடத்தில் மியூவான் என்ற கனமான துகள் சுற்றும் அணுக்கள் அவை. கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும். அதற்குள் அவை விடும் எக்ஸ் கதிரை அளக்க, கடுங்குளிரில் வைத்த மீக்கடத்திக் கருவி இருந்தது. கதிர் பட்டால் எழும் துளிச் சூட்டைக்கூடக் காட்டிவிடும். அதைச் சீராக வைத்திருக்கும் புரோகிராமை எழுதியவள் நான். அதனால் லீவில் வந்தாலும் லேப்டாப் கூடவே இருக்கும்.

செவிலிமேட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தேர் பார்க்க வந்து காந்தி ரோட்டில் நின்றிருந்தபோது குழுவிலிருந்து போன். அளவுகள் கண்டபடி ஓடுகின்றன, உடனே பார் என்றார்கள். அன்று மாலையோடு எங்கள் முறை முடிந்து கருவியைக் கழற்றிவிடுவார்கள். நான் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அவ்வளவு கூட்டம். தேருக்காகத் தெருவில் கரண்டும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

ஒரு பட்டுக் கடையில் மட்டும் ஜெனரேட்டர் ஓடியது. அங்கே வேலை செய்யும் பெண்மணி, கையில் அர்ச்சனைத் தட்டோடு ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, உள்ள வைஃபை இருக்குதா? ரொம்ப அவசரம்.”

“வீட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லயாமா?”

ஆமாம் என்றிருக்கலாம். மனம் வரவில்லை. அணுவைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் ஷட்டரை மறுபடி பாதி வரை தூக்கினார். கடை போனில் முதலாளியைக் கூப்பிட்டு, “ஒரு பொண்ணு வந்துக்கீதுங்க. நான் கூடவே இருக்கறேன்” என்றார்.

உட்கார்ந்து, புரோகிராமில் தவறியிருந்ததை ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். மேளச் சத்தம் நெருங்கியது.

“நீங்க போய் சேவிச்சுட்டு வாங்கக்கா.”

“கடைய உட்டுட்டு எப்டிமா போறது? தேரு அடுத்த வருஷமும் வரும். உன்னுது நிக்காதுன்றியே, அதப் பாரு.”

வெளியே “கோவிந்தா” என்ற குரல்கள் எழுந்து, மெல்ல நகர்ந்து போயின. பாதி இறங்கிய ஷட்டரைப் பார்த்துக் கைகூப்பி நின்றார் அவர். எனக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது.

சற்று நேரத்தில் வரைபடத்தில் அந்த அணுக்களின் எக்ஸ் கதிரைக் காட்டும் கூர்மையான கோடு மறுபடி எழுந்து நின்றது.

“வந்துச்சா?”

“வந்துடுச்சுக்கா.”

எட்டிப் பார்த்தார். “இதுக்கா இவ்ளோ பாடு?” என்று சிரித்துவிட்டார். பிறகு, பெருமாளுக்கு என்று கொண்டுவந்த வாழைப்பழத்தை உரித்து என் கையில் கொடுத்தார்.

எங்கள் அளவீடு நன்றாகவே முடிந்தது. இன்று யாராவது அவசரம் என்று என்னிடம் வந்து நின்றால், அது எனக்குப் புரிகிறதா என்று நான் யோசிப்பதில்லை. அவர்களுக்கு அது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறேன்.