கேட்டு வாங்கிய மைதானம்

கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை, மனு கொடுக்கும் வரிசையில் எங்கள் கபடிக் குழுவின் கேப்டன் என் தோளைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவள் கையில் இருந்த மனுவை எழுதியவள் நான். குழுவில் என் கையெழுத்துதான் பார்க்கும்படி இருக்கும். 'எங்கள் ஊர்ப் பெண்கள் விளையாட நிரந்தரமான மைதானம் அமைத்துத் தர வேண்டும்' என்று எழுதியிருந்தேன். 'நிரந்தரமான' என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது.

காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அரிசி ஆலைக்குப் பின்னால் கிடந்த புறம்போக்கில் நாங்களே ஆடுகளம் போட்டிருந்தோம். கல் பொறுக்கி, மண்ணைக் கொத்தி, மரத்தூள் கலந்து, ஆடுவதற்கு முன் தண்ணீர் தெளிப்போம். எப்படி விழுந்தாலும் வலிக்காது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஏறி மூழ்கிவிடும், அதற்காகத்தான் மனு. கேப்டனுக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. மாநில அணிக்குத் தேர்வாகிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போகலாம் என்று நம்பினாள். களை பறிக்கப் போய் அவளை வளர்த்த அம்மாவிடம், "யூனிஃபார்ம் போட்டப்புறம் கல்யாணப் பேச்ச எடு" என்று சொல்லிவைத்திருந்தாள்.

நிதி வந்துவிட்டது என்று ஒன்றிய அலுவலகத்தில் சொன்ன அன்று ஊருக்கே கேசரி கொடுத்தோம். அப்புறம் ஜல்லி லாரிகள் வந்தன. எங்கள் மண்ணை மேடாக்கி, அதன்மேல் சிமெண்ட் போடத் தொடங்கினார்கள். கேப்டன் ஓவர்சீயரிடம் ஓடினாள்.

"சார், இதுல எப்படி சார் விழறது? நாங்க ஆடறது கபடி."

"எஸ்டிமேட்ல சிமெண்ட் தளம்தாம்மா இருக்கு. எல்லா ஆட்டத்துக்கும் பொது."

"மேல விரிக்க ரப்பர் மேட்டாவது குடுப்பீங்களா?"

"அதுக்கு இதுல நிதி கிடையாது. தனியா மனு குடுங்க."

அவர் கெட்டவர் இல்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். ரப்பர் விரிப்புக்கும் நான்தான் மனு எழுதினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மைதானத்தைத் திறந்துவைத்தார்கள், கல்வெட்டு வைத்தார்கள். அதற்குள் மாவட்ட அணிக்கான தேர்வு நெருங்கிவிட்டது. சுற்றிலும் வயல்களில் சம்பா நின்றது; ஆட வேறு இடமில்லை. சிமெண்ட் மேல் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஆலையில் கேட்டு வாங்கிய சாக்குகளை விரித்து ஆடினோம்.

அப்படி ஆடிய ஒரு சாயங்காலம் கேப்டன் ரெய்டு வந்தாள். அவள் கணுக்காலைப் பிடித்தது நான். வழக்கமாகத் துள்ளித் திமிறி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவாள். அன்று திமிறியபோது சாக்கு வழுக்கியது. முட்டி தரையில் மோதித் திரும்பியது. உள்ளே ஏதோ அறுந்ததை என் கை உணர்ந்தது. அவள் கத்தவில்லை. "விடுடி, விடுடி" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். நான் விட்டு வெகுநேரம் ஆன பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிதம்பரத்தில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், ஆட முடியாது என்றார். நடக்கிறாள். தேர்வுக்கு எங்களில் யாரும் போகவில்லை. அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. குழு அத்தோடு போயிற்று. இப்போது அந்தத் தளத்தில் நெல் காயப்போடுகிறார்கள். நெல்லுக்கு அது நல்ல இடம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஊரில் பெண்கள் யாரும் கபடி ஆடுவதில்லை.

போன மாதம் சிதம்பரம் மேலவீதியில் அவள் வேலை பார்க்கும் துணிக்கடைக்குப் போனேன். கிராமத்து விளையாட்டுக்கு மறுபடியும் நிதி ஒதுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சிமெண்டைப் பெயர்த்துவிட்டு மண் போடச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன். புடவையை மடித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"வேணாம்டி. கேட்டா குடுத்துடுவாங்க."

வேடிக்கைக்குச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே பயந்திருந்தாள்.