பிரஸ்ஸுக்கு அடியில் வைத்த கையுறை

அன்றைக்குத் தோல் வெட்டும் புது பிரஸ் பக்கத்தில் இருந்தவர்கள்: முதலாளி. கம்ப்யூட்டர் புரோகிராம் விற்ற சென்னைக்காரர். வலது கையில் மூன்று விரல் மட்டும் மிஞ்சிய எங்கள் மேஸ்திரி. மிஷின் பாதுகாப்பானதா என்று பரிசோதிக்க வந்த மேடம். அந்த பிரஸ்ஸில் வேலை பார்க்கப்போகிற நான்.

ஆம்பூரில் ஷூவுக்குத் தோல் வெட்டும் கம்பெனி. கை அடியில் மாட்டாமலிருக்க, இரண்டு பட்டனை இரண்டு கையாலும் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். புது பிரஸ்ஸில் அதைப் பார்த்துக்கொள்வது கம்ப்யூட்டர். புரோகிராம் கடையில் ரெடியாக வாங்கியது. மேடம் சரி என்றால் மறுநாள் என் கை அதற்கடியில்.

“நூறு கம்பெனில ஓடுது மேடம்” என்றார் விற்றவர்.

“என்ன வேலைக்கு?”

“பிஸ்கட் பாக்கெட் எண்றதுக்கு.”

“அங்க தப்பாச்சுன்னா ஒரு பாக்கெட் கம்மி. இங்க?”

மேஸ்திரி வலது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

“உள்ள எப்படி எழுதியிருக்காங்கன்னு பாக்கலாமா?”

“அத யாருக்கும் காட்டமாட்டாங்க மேடம்.”

“அப்ப நம்பாமதான் பாக்கணும்.”

ஒரு கையுறை கேட்டார். ஈரத் தோல் துண்டுகளை உள்ளே அடைத்து, விரல்களை விரித்து, பிரஸ்ஸுக்கு அடியில் வைத்தார். என்னிடம், “பழைய பிரஸ்ல தினம் எப்படி செய்வீங்களோ அப்படியே செய்ங்கண்ணா” என்றார்.

இடது பட்டனைத் தோல் வாரால் இறுக்கிக் கட்டினேன்.

“இன்னாடா இது?” என்று முறைத்தார் முதலாளி.

“எல்லாரும் இப்டித்தான் மொதலாளி. பீஸ் ரேட்டு, எத்தினி வெட்றமோ அத்தினிக்குத்தான் கூலி. ஒரு கை தோலப் புடிக்க வேணும்ல.”

விற்றவர் சிரித்தார். “கட்டி வெச்சா புரோகிராம் இன்னா பண்ணும்?”

மேடம் சிரிக்கவில்லை. “கட்டத்தான் செய்வாங்க. அதையும் சேத்துதான் பாக்கணும்.”

வலது பட்டனை அமுக்கினேன். கையுறை அப்பளமாகிவிட்டது. 

அப்புறம் மேடம் சொன்னபடி பிரஸ் முன்னால் இரண்டு கம்பம் நட்டார்கள். நடுவில் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். குறுக்கே கை போனால் கரண்ட் கட்டாகி பிரஸ் நின்றுவிடும். கம்ப்யூட்டரைக் கேட்காது.

“கம்ப்யூட்டர் பீஸ எண்ணட்டும். நிறுத்தற வேலை அதுக்கு வேணாம்” என்றார்.

மறுபடி வந்தபோது வாரை அவரே கட்டினார். என் முடிச்சு மாதிரியே. நான் அமுக்க, இறங்கும்போதே வேறொரு கையுறையைக் குச்சியில் மாட்டி உள்ளே நீட்டினார். பிரஸ் அந்தரத்தில் நின்றது.

 மிஷினைப் பார்க்க எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். நாங்கள் தப்பு செய்வோம் என்று தெரிந்து, அதற்கும் சேர்த்து யோசித்தவர் இவர் ஒருவர்தான்.

மேஸ்திரி கையுறையை வாங்கி ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தார். 

வேலையை விட்டு நிற்கும்வரை அந்த பிரஸ்ஸில்தான் இருந்தேன். விரல் பத்து.