வால் முளைத்த ஆஷூராக் கஞ்சி

1996, மே மாதக் கடைசி. சீனாவின் கைஃபெங் நகரில், பெண்ணே முன்னின்று தொழவைக்கும் எங்கள் பெண்கள் பள்ளிவாசலில், அந்த வருட ஆஷூராக் கஞ்சிக்கு லியூ ஷுஃபென் பொறுப்பு. வயது நாற்பத்து நான்கு. கல்யாணத்தின்போது இஸ்லாத்துக்கு வந்தவள். எங்கள் தெருவில் இருபத்து மூன்று வருடம் வாழ்ந்த பிறகுதான் கஞ்சிக் கரண்டி அவள் கைக்கு வந்தது. அது அங்கேயே தங்குமா என்று தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

முஹர்ரம் மாதத்தில் வீட்டுக்கு ஒரு கைப்பிடி பயறு கொடுப்பார்கள். எல்லாம் ஒரே தொட்டியில் சேரும். பத்தாம் நாளான ஆஷூராவில் நோன்பு திறக்க அந்தப் பயறில்தான் கஞ்சி.

அந்த முறை மேகம் மறைத்துப் பிறை தெரியவில்லை. மாதம் ஒரு நாள் தள்ளிப் பிறந்தது. மகளின் பிரசவத்துக்காக ஜெங்ஜோ நகருக்குப் போயிருந்த லியூவுக்கு அது தெரியாது. திரும்பி வந்து பயறு சேகரித்தாள், சமையலறைக் காலண்டரைப் பார்த்து ஊறவைத்தாள். காலையில் தொட்டியோடு பள்ளிவாசலுக்கு வந்தால், அடுப்பே மூட்டவில்லை.

"நாளைக்குத்தானேடி பத்து?" என்றார் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த மூ மாமி. "பிறையை உங்க வீட்டுச் சுவத்துல பாத்தியாக்கும்?"

"ஐயோ மாமி! அப்ப நேத்து நான் வெச்ச நோன்பு?"

"அது எட்டாம் நாள் நோன்பு. இன்னிக்கும் வை, நாளைக்கும் வை. உடம்பாவது இளைக்கட்டும்."

லியூ சிரிக்கவில்லை. இந்த வெயிலில் ஊறிய பயறு அப்படியே கிடந்தால் புளித்துவிடும். கொட்டிவிட்டு மறுபடி வாசல் வாசலாகக் கேட்டுப் போனால், கரண்டி கைமாறிவிடும்.

சந்தையில் அவள் விற்பது முளைப்பயறு. தண்ணீரை வடித்து ஈரத்துணி போர்த்தினாள். நேரே தொழவைக்கும் ஆலிமா டிங்கிடம் போனாள்.

"நாளைக்கு இது முளை விட்டிருக்கும் ஆலிமா. கஞ்சியில போடலாமா? கூடாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

ஆலிமா துணியை விலக்கி முகர்ந்து பார்த்தார். "வெள்ளம் வடிஞ்சதும் நூஹ் நபி கப்பல்ல மிஞ்சின தானியத்துலதான் முதல் கஞ்சி காய்ச்சினாங்கன்னு சொல்லிட்டிருக்கோம். அத்தனை தண்ணிக்கு நடுவுல அது முளைக்காமலா இருந்திருக்கும்? கெடாம இருந்தா போடு."

கெடவில்லை. அன்று முழுக்க அலசி அலசிக் காத்தாள். மறுநாள் மாலை, கஞ்சியில் வெள்ளை வால்கள் மிதந்தன.

"கஞ்சிக்கு வால் முளைச்சுப் பாத்ததில்ல" என்று மூ மாமி கிண்ணத்தைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். பிறகு குடித்தார். பிறகு இன்னொரு தடவை கிண்ணத்தை நீட்டினார்.

அடுத்த வருடமும் கரண்டி லியூவிடம்தான் என்று அங்கேயே முடிவானது. எப்போது ஊறவைப்பது என்பதை மட்டும் மூ மாமி சொல்வார்.